ஹாக்வோனா, அரசுப் பள்ளியா, பல்கலைக்கழகமா? கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவர்களுக்கு

ரொறொன்ரோவிலிருந்து ஒரு தங்கை தனக்கு வந்த இரண்டு ஒப்பந்தங்களை எனக்கு அனுப்பியிருந்தாள். ஒன்று சியோலுக்குப் பக்கத்துப் புதுநகர் ஒன்றில் இருக்கும் ஹாக்வோன், அதாவது தனியார் பயிற்சி நிலையம். மாதம் 25 இலட்சம் வொன். மற்றது அரசுப் பள்ளி. 22 இலட்சம், எந்த ஊர் என்று இன்னும் சொல்லவில்லை. "அக்கா, மூன்று இலட்சம் கூடத் தருகிறார்கள், ஊரும் தெரிகிறது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்று கேட்டிருந்தாள். ஆயிரம் வொன்னை ஏறக்குறைய ஒரு கனடா டொலர் என்று வைத்துக்கொண்டால் மாதம் முந்நூறு டொலர் வித்தியாசம். படித்து முடித்துக் கடனோடு நிற்கிற பிள்ளைக்கு அது சின்னத் தொகை இல்லை.

நான் ஒரு வருடம் ஹாக்வோனிலும், பிறகு இரண்டு வருடம் வட கியொங்சாங் மாகாணத்து உய்சொங் என்ற ஊரில் அரசுப் பள்ளிகளிலும் கற்பித்தவள். பல்கலைக்கழகத்தில் வேலை செய்ததில்லை. அந்தப் பகுதியை அங்கே வேலை செய்த நண்பர்களிடம் கேட்டு எழுதுகிறேன்.

## முதலில் கடவுச்சீட்டு

இந்தக் கேள்வி தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் நிறைய வருகிறது. ஆங்கிலம் கற்பிக்கத் தரப்படும் ஈ-2 விசா, குடியுரிமையைப் பார்த்துக் கொடுக்கப்படுவது. அமெரிக்கா, கனடா, பிரித்தானியா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா ஆகிய ஏழு நாட்டுக் கடவுச்சீட்டு வேண்டும். எவ்வளவு நன்றாக ஆங்கிலம் தெரிந்தாலும் இலங்கைக் கடவுச்சீட்டில் இந்த வழி இல்லை. இந்தியர்களுக்கு ஒரேயொரு விலக்கு உண்டு. 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இந்திய–கொரியப் பொருளாதார ஒப்பந்தத்தின்படி, பட்டமும் ஆங்கில ஆசிரியர் தகுதிச் சான்றும் உள்ள இந்தியர் அரசுப் பள்ளியில் உதவி ஆசிரியராகச் சேரலாம். ஹாக்வோனில் சேர முடியாது. அரசுப் பள்ளியிலும் அந்த வழியாக எடுக்கப்பட்ட ஒருவரைக்கூட நான் நேரில் சந்தித்ததில்லை. எனவே "உறுதியாக வாங்கித் தருகிறோம்" என்று பணம் கேட்கிற முகவர்களிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

ஆகவே கீழே வருவது ரொறொன்ரோ, இலண்டன், சிட்னி, டர்பன் போன்ற ஊர்களில் வளர்ந்த பிள்ளைகளுக்குத்தான் நேரடியாகப் பயன்படும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

மாதச் சம்பளத்தை வைத்து ஒப்பிடுவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. 2010இல் கொரியாவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 4,110 வொன். 2025இல் அது 10,030 வொன். முழுநேர வேலைக்கு மாதம் 20,96,270 வொன். அந்தப் பதினைந்து வருடத்தில் ஆங்கில ஆசிரியரின் தொடக்கச் சம்பளம் அவ்வளவாக நகரவே இல்லை. 2010இல் 21 இலட்சம் என்பது கடை ஊழியரின் கூலியைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். இன்று 23 இலட்சம் என்பது குறைந்தபட்சக் கூலிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். பத்து வருடத்துக்கு முன் போய்வந்த அண்ணாமார் சொல்கிற சேமிப்புக் கதைகளை அப்படியே நம்பிப் போகாதீர்கள்.

நான் பார்ப்பது நான்கு விஷயங்கள்.

முதலாவது, பன்னிரண்டு மாதம் முடிந்து விமானம் ஏறும்போது கையில் என்ன இருக்கும் என்பது. ஒரு வருடம் முழுதாக வேலை செய்தால் ஒரு மாதச் சராசரிச் சம்பளம் பணிக்கொடையாகக் கிடைக்க வேண்டும், அது சட்டம். தேசிய ஓய்வூதியத்துக்கு 2025 வரை நம் சம்பளத்தில் 4.5 வீதம், முதலாளி அதே அளவு. 2026 முதல் இந்த வீதம் வருடாவருடம் கொஞ்சம் கூடுகிறது. அமெரிக்கர், கனடியர், ஆஸ்திரேலியர் நாட்டை விட்டுப் போகும்போது இரண்டு பங்கையும் சேர்த்துத் திரும்ப வாங்கலாம். பிரித்தானியர், அயர்லாந்தினர், நியூசிலாந்தினருக்கு அப்படி மொத்தமாகத் திரும்பக் கிடைக்காது. தென்னாபிரிக்கர் அதில் சேர்வதே இல்லை.

23 இலட்சம் வாங்கும் கனடியருக்குப் பழைய வீதத்தில் கணக்குப் போட்டாலும் ஓய்வூதியத்தில் 25 இலட்சத்துக்குச் சற்றுக் குறைவாகத் திரும்ப வரும். பணிக்கொடை 23 இலட்சம். ஆக, வருட முடிவில் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் ஒரே தடவையில் கிடைக்கிறது. இலண்டன் பிள்ளைக்கு இதில் பாதிதான். ஒரே ஒப்பந்தம் இரண்டு கடவுச்சீட்டுகளுக்கு இரண்டு விலை.

இரண்டாவது, அந்தப் பன்னிரண்டு மாதத்தை முடிக்க விடுவார்களா என்பது. மூன்றாவது, நாளில் எந்த மணிநேரம் உங்களுடையது, வருடத்தில் எத்தனை நாள் விடுமுறை என்பது. நான்காவது, ஊர்.

## ஹாக்வோன்

யாழ்ப்பாணத்து ரியூட்டரியைத் தெரிந்தவர்களுக்கு ஹாக்வோனை விளக்கத் தேவையில்லை: பள்ளி முடிந்த பிள்ளைகளைப் பெற்றோர் காசு கட்டி அனுப்புகிற தனியார் நிலையம். சியோலின் தெச்சி-தொங் பகுதியில் தெரு முழுக்க, மாடிக்கு மாடி இவைதான். பிற்பகல் ஒரு மணி, இரண்டு மணிக்குத் தொடங்கி இரவு வரை போகும். சியோலில் இரவு 10 மணிக்கு மேல் நடத்தக் கூடாது என்று நகர விதியே இருக்கிறது. இன்னொரு வகை, 'ஆங்கிலப் பாலர் பள்ளி' என்று அழைக்கப்படுவது. சட்டப்படி அதுவும் ஹாக்வோன்தான்; காலை ஒன்பது மணிக்குத் தொடங்கும். சின்னப் பிள்ளைகளோடு நாள் முழுக்க நிற்க உடம்பில் தெம்பு வேண்டும்.

நல்லதை முதலில் சொல்கிறேன். ஊரை நீங்களே தெரிவு செய்யலாம். வருடத்தில் எந்த மாதமும் சேரலாம். வகுப்பில் பத்துப் பிள்ளைகள்தான். ஒரு பிள்ளை மார்ச் மாதம் வாயே திறக்காமல் இருந்து நவம்பரில் கதை சொல்வதைக் கண்முன் பார்க்கலாம். அரசுப் பள்ளியில் எனக்கு அந்த நெருக்கம் கிடைக்கவே இல்லை. சக வெளிநாட்டு ஆசிரியர்கள் இருப்பார்கள், முதல் நாளே யாரோ ஒருவர் கடை காட்டுவார். ஒரு அறை கொண்ட வீட்டை நிர்வாகமே தரும். அல்லது மாதம் நான்கு, ஐந்து இலட்சம் வீட்டுப் படி. படியை எடுத்தால், வாடகைக்கு மேலே வீட்டுக்காரருக்குக் கொடுக்க வேண்டிய முற்பணத்தை நினைவில் வையுங்கள். சாதாரண ஒற்றை அறைக்கே 50 இலட்சம், ஒரு கோடி வொன் என்று கேட்பார்கள்.

மறைந்திருக்கும் செலவுகள் வேறு இடத்தில். நான் வேலை செய்த இடத்தில் என்னை ஊழியராகப் பதியாமல் சுயதொழில் செய்பவராகக் காட்டி 3.3 வீத வரி மட்டும் பிடித்தார்கள். முதல் மாதம் சம்பளச் சீட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். பிடித்தம் குறைவு, கையில் வருவது கூட. ஓய்வூதியம் கட்டப்படவில்லை, மருத்துவக் காப்புறுதியில் முதலாளியின் பங்கு இல்லை, வருட முடிவில் "நீங்கள் ஊழியரே இல்லையே" என்று பணிக்கொடையையும் மறுப்பதற்கு வழி வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் ஐந்தாம் மாதம் பல்வலிக்கு மருத்துவரிடம் போனபோதுதான் புரிந்தது. தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்து என் பணிக்கொடையை வாங்கினேன். நான்கு மாதம் எடுத்தது. ஒப்பந்தத்தில் 3.3 என்ற எண்ணைக் கண்டால் அங்கேயே நில்லுங்கள்.

அடுத்தது ஐந்து ஊழியர் கணக்கு. ஐந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் கொரியத் தொழிற்சட்டத்தின் பல பாதுகாப்புகள் செல்லாது. சம்பளத்தோடு வருடாந்த விடுமுறை, கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் கூலி, காரணமில்லாமல் நீக்கினால் எதிர்த்துப் போகும் உரிமை, எதுவும் இல்லை. முப்பது நாள் முன்னறிவிப்பும் பணிக்கொடையும் மட்டும் சின்ன இடங்களுக்கும் பொருந்தும். பணிக்கொடைக்கு ஒரு வருடம் முடிய வேண்டும் என்பதால் பத்தாம், பதினோராம் மாதத்தில் ஏதாவது குறை சொல்லி அனுப்பிவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. வேலை போனால் வீடும் போகும், ஏனென்றால் வீடு அவர்களுடையது. இடையில் வேறிடம் மாறுவதற்கும் பழைய முதலாளியின் சம்மதக் கடிதம் தேவை. வெளியில் தனிப்பட வகுப்பு எடுத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஈ-2 விசாவில் அது குற்றம், நாட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள்.

நம் நிறத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். விண்ணப்பத்தோடு புகைப்படம் கேட்பார்கள். பேசி முடித்த நேர்காணலுக்குப் பிறகு, படம் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் விலகிய இடங்கள் எனக்கு மூன்று. காசு கட்டும் பெற்றோர் 'ஆங்கில ஆசிரியர்' என்றதும் மனத்தில் வைத்திருக்கும் முகம் வேறு. முதலாளி அதற்குத் தலையாட்டுகிறார். அது உங்கள் குறை இல்லை. பத்து விண்ணப்பத்துக்குப் பதில் இருபது போடுங்கள்.

எல்லா ஹாக்வோனும் இப்படி இல்லை. சம்பளத்தை ஒரு நாள் பிந்தாமல் போட்டு, காய்ச்சல் என்றால் கஞ்சி கொண்டுவந்து தருகிற இயக்குநர்களும் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் ஒரு வருடம் ஒரு மனிதரின் நேர்மையில் தொங்குகிறது, அவரைக் கணினித் திரையில் அரைமணி நேரம் பார்த்துவிட்டு முடிவு செய்கிறீர்கள்.

## அரசுப் பள்ளி

பொதுவான வழி, அரசுப் பள்ளிகளுக்கு வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்களை எடுக்கும், 1995இல் தொடங்கிய எபிக் (EPIK) திட்டம். சம்பளம், விடுமுறை, வீடு எல்லாம் அச்சடித்த ஒரே ஒப்பந்தம். முதலாளி மாகாணக் கல்வி அலுவலகம். உங்களைப் பதினோராம் மாதம் அனுப்பி அவர்களுக்கு ஆக வேண்டியது எதுவும் இல்லை. காலை எட்டரை முதல் நாலரை, கிழமைக்கு 22 வகுப்பு, வருடத்தில் 26 வேலைநாள் சம்பளத்தோடு விடுமுறை. வருகைப் படி 13 இலட்சம், குடியேறும் செலவுக்கு 3 இலட்சம், வருடம் முடித்துத் திரும்பும்போது மறுபடி 13 இலட்சம். ரொறொன்ரோத் தங்கையின் 'மூன்று இலட்சம் கூட' என்ற கணக்கு இங்கேதான் இளகிப்போகிறது: இந்த 29 இலட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம். ஹாக்வோன் ஒப்பந்தத்தில் விமானச் சீட்டு இருக்கிறதா என்று அவளை மறுபடி பார்க்கச் சொன்னேன். இல்லை.

வரியிலும் ஒரு விஷயம். பிரித்தானியர், அமெரிக்கர், ஆஸ்திரேலியர் தம் நாட்டு வதிவிடச் சான்றைக் காட்டினால் அரசுப் பள்ளியில் முதல் இரண்டு வருடம் வருமான வரி இல்லை. கனடியருக்கு அந்தச் சலுகை இல்லை.

இங்கே நீங்கள் விலையாகக் கொடுப்பது ஊரை. மாகாணத்தை விரும்பிக் கேட்கலாம். பள்ளியைக் கேட்க முடியாது. நான் தேகு நகரத்தை மனத்தில் வைத்து வட கியொங்சாங் என்று எழுதினேன், கிடைத்தது உய்சொங். வெள்ளைப்பூண்டுக்குப் பேர்போன ஊர். பிள்ளைகளைவிட முதியவர்கள் கூடிய மாவட்டம். இரண்டு பள்ளி, அவற்றில் ஒன்றில் ஆறாம் வகுப்பு மொத்தமே ஆறு பேர். மாகாணத்துக்கென்றும் இரண்டாவது பள்ளிக்கென்றும் மாதம் தலா ஒரு இலட்சம் கூடுதல் படி வந்தது உண்மை. ஆனால் மாலை ஐந்து மணிக்கு மேல் பேச ஆள் இல்லை. சனிக்கிழமை ஒரு மணிநேரம் பஸ்ஸில் தேகு போய், சொங்சோ தொழிற்பேட்டைப் பக்கத்துக் கடையில் பருப்பும் மிளகாய்த்தூளும் வாங்கிவருவதுதான் அந்தக் கிழமையின் பெரிய சம்பவம். முதல் குளிர்காலத்தில் இரவில் அம்மாவுக்கு எடுத்து ஒன்றும் பேசாமல் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். தனிமை உங்களை என்ன செய்யும் என்பதை நேர்மையாக யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வகுப்பில் நீங்கள் தனியாக இல்லை. கொரிய ஆசிரியர் ஒருவர் கூட நிற்பார். அவர் எப்படிப்பட்டவர் என்பதுதான் வருடத்தின் மற்றப் பாதி. எனக்கு முதலில் அமைந்தவர் பாடத்தை முழுக்க என்னிடம் விட்டுவிட்டுப் பின்வரிசையில் விடைத்தாள் திருத்துவார். அடுத்தவரோடு சேர்ந்து பாடத்தை எழுதினோம். நான் ஆசிரியராக வளர்ந்தது அவரிடம். பிள்ளைகளுக்கு விடுமுறை வந்தாலும், உங்கள் 26 நாளுக்கு மேல் மிஞ்சிய நாட்களில் பள்ளிக்குப் போய் வெறும் மேசையில் இருக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் நான் கொரிய மொழி படித்தேன்.

சைவக்காரருக்கு ஒரு வார்த்தை: பள்ளி மதியச் சாப்பாட்டில் சூப்பு நெத்தலியில் கொதித்தது, கிம்ச்சியில் மீன் சாறோ உப்பிட்ட இறாலோ இருக்கும். நான் சோற்றுப் பெட்டி கொண்டுபோனேன். முதல் கிழமை ஒரு மாதிரிப் பார்த்தார்கள், பிறகு சமையலறை அம்மா எனக்கென்று அவித்த கீரை எடுத்துவைக்கத் தொடங்கிவிட்டார்.

சேர்வது வருடத்தில் இரண்டு தடவை, பெப்ரவரிக் கடைசியிலும் ஓகஸ்ட் கடைசியிலும். முதல் ஆறு மாதத்துக்குள் விட்டுவிட்டு வந்தால் வருகைப் படியையும் குடியேறும் படியையும் திருப்பிக் கட்ட வேண்டும்.

## பல்கலைக்கழகம்

கிழமைக்கு 12 முதல் 15 மணிநேர வகுப்பு, வருடத்தில் மூன்று, நான்கு மாத விடுமுறை. கேட்க இனிக்கும். பொதுவாக முதுகலைப் பட்டமும் இரண்டு வருடப் பல்கலைக்கழக அனுபவமும் கேட்பார்கள். பல இடங்கள் ஏற்கெனவே கொரியாவுக்குள் இருப்பவர்களைத்தான் நேர்காணலுக்கே அழைக்கும். சம்பளம் மற்ற இரண்டையும்விடப் பெரிதாக உயர்ந்ததில்லை. வீடு தராத இடங்களும் உண்டு. 2023இல் கொரியாவின் கருவள வீதம், அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் பிள்ளைகள், 0.72 வரை இறங்கியது. பிள்ளைகள் குறைந்தால் மாகாணப் பல்கலைக்கழகங்களில்தான் முதலில் இடம் சுருங்கும். அந்த வேலையை நம்பி இன்று வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டாம். போன பிறகு, இரண்டாம் மூன்றாம் வருடத்தில், முதுகலையைத் தபால்வழி முடித்துக்கொண்டு தேடுகிறவர்களுக்கே அது சரி.

## ஒரே பார்வையில்

| | ஹாக்வோன் | அரசுப் பள்ளி | பல்கலைக்கழகம் |
|---|---|---|---|
| தொடக்கச் சம்பளம் (நான் பார்த்த ஒப்பந்தங்களில், வொன்) | 23–26 இலட்சம் | 22–24 இலட்சம், படிகள் தனி | 24–30 இலட்சம் |
| கிழமைக்கு வகுப்பு | 25–30 மணி | 22 வகுப்பு | 12–15 மணி |
| விடுமுறை | பெரும்பாலும் பத்து நாள் அளவு | 26 வேலைநாள் | 3–4 மாதம் |
| ஊர் | நீங்கள் தெரிவு செய்வது | அவர்கள் தருவது | இடம் கிடைக்கும் ஊர் |
| சேரும் காலம் | எப்போதும் | பெப்ரவரி, ஓகஸ்ட் | மார்ச், செப்ரெம்பர் |
| பெரிய ஆபத்து | முதலாளி | தனிமை | வேலையே கிடைக்காமல் போவது |

## யாருக்கு எது

முதல் தடவை போகிறவர், தனியாள், கொஞ்சம் பொறுத்திருக்கக்கூடியவர் என்றால் அரசுப் பள்ளிதான் என் பதில். சட்டத்தையும் மொழியையும் படிக்க ஒரு வருடம் கிடைக்கிறது. இரண்டாம் வருடம் ஹாக்வோன் பக்கம் போனால், உள்ளூரில் நின்றுகொண்டே நேரில் பார்த்துத் தெரிவு செய்யலாம்.

கணவனோ மனைவியோ, காதலரோ ஏற்கெனவே சியோலில் இருந்தால் ஹாக்வோன். இருவரும் ஒரே நகரத்தில் இருப்பதை அரசுத் திட்டம் உங்களுக்கு உறுதிப்படுத்தாது. காலையில் எழும்ப முடியாதவர்கள், பகலில் மொழி வகுப்புக்குப் போக விரும்புகிறவர்களுக்கும் பிற்பகல் ஹாக்வோன் பொருந்தும். எபிக் தவணை தவறிவிட்டது, ஆறு மாதம் காத்திருக்க வசதியில்லை என்றாலும் அதுதான் வழி. அப்படியானால் அங்கே இப்போது வேலை செய்கிற வெளிநாட்டு ஆசிரியரோடு, முதலாளி பக்கத்தில் இல்லாத நேரத்தில் பேசாமல் கையெழுத்து வைக்காதீர்கள். போன பிறகு சிக்கல் வந்தால் தொழில் அமைச்சின் 1350, குடிவரவுக்கு 1345. இரண்டிலும் ஆங்கிலத்தில் பேசலாம்.

எதை எடுத்தாலும் பத்திரங்கள் ஒன்றுதான்: பட்டச் சான்றும் நாட்டளவிலான குற்றப்பதிவுச் சான்றும், இரண்டிலும் அப்போஸ்டில் முத்திரை, அதாவது பத்திரம் வெளிநாட்டில் செல்லுபடியாக உங்கள் நாட்டு அரசு வைக்கும் சான்று. கனடா 2024 ஜனவரியில்தான் அப்போஸ்டில் ஒப்பந்தத்துக்குள் வந்தது. அதற்கு முன் தூதரகத்துக்கு அலைந்த எங்களைவிட உங்களுக்கு வேலை சுலபம். வேலை முடிவாகும் வரை காத்திராமல் குற்றப்பதிவுக்கு முதலே விண்ணப்பித்துவிடுங்கள். எல்லாரையும் பிந்த வைப்பது அந்த ஒரு தாள்.

அந்தத் தங்கையிடம் ஹாக்வோனுக்கு மூன்று கேள்வி எழுதி அனுப்பச் சொன்னேன். ஓய்வூதியம், மருத்துவம், வேலையிழப்பு, வேலை விபத்து என்ற நான்கு காப்புறுதியிலும் என்னைப் பதிவீர்களா? அப்படிப் பதிந்த ஊழியர் இப்போது எத்தனை பேர்? எனக்கு முன் அந்தக் கதிரையில் இருந்த ஆசிரியரோடு பேச முடியுமா? முதல் கேள்விக்கு ஆம் என்றும், இரண்டாவதற்கு ஏழு பேர் என்றும் அன்றே பதில் வந்தது. மூன்றாவதற்கு, அவர் ஊருக்குப் போய்விட்டார், தொடர்பு இல்லை என்றார்கள். எந்த மாதம் போனார் என்று திரும்பக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். ஓகஸ்ட் தவணைக்கான பள்ளிப் பத்திரங்களை அவள் அதற்குள் தபாலில் போட்டுவிட்டாள்.